படுவான்கரை ஆறு ஒன்றை வரைபடத்தில் பிடிப்பது எப்படி

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவிக்குப் படுவான்கரைப் பக்கமிருந்து, அதாவது வாவியின் மேற்குக் கரையிலிருந்து, வந்து விழும் ஆறுகள் எல்லாம் நீளம் குறைந்த ஆறுகள்தான். பாடசாலை ஒப்படைக்கோ சும்மா ஆசைக்கோ அதில் ஒன்றை வரைய நினைத்தால் ஊற்றைத் தேடி ஓடாதீர்கள், மேலே காட்டுக்குள் எந்த ஓடையை ஆறு என்பது என்று பார்ப்பதிலேயே நாள் போய்விடும். வாவியில் தொடங்கி மேலே ஏறுங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம் ஒன்று வேண்டும். கூடவே கூகுள் எர்த்தில் ஆவணி மாதத்துப் படத்தையும் மாரி முடிந்த கையோடு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆறு வாவியோடு சேரும் இடத்தில் ஒற்றைக் கோடு கிடைக்காது. கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளமான வாவி, ஆழமும் குறைவு, அதனால் வெள்ளம் கொண்டுவரும் வண்டல் மண் அங்கேயே படிந்து, ஆறு கிளை பிரிந்து சம்புப் புல் காட்டுக்குள் தொலைந்துவிடும். கண்ணா மரம் (உவர்த் தண்ணீரில் வளரும் சதுப்புநில மரம்) நிற்கும் இடம் வரை உவர்த் தண்ணீர் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் குளம். உன்னிச்சை, நவகிரி மாதிரிக் குளங்கள் ஆற்றை நடுவில் மறித்து நிற்கின்றன, கோடையில் குளத்துக்குக் கீழே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வயல் வடிச்சல் தண்ணீர். ஆகவே ஆற்றைக் குளத்துக்கு மேலே ஒரு நிறத்திலும் கீழே வேறு நிறத்திலும் வரையுங்கள்.

வெள்ளம் எவ்வளவு தூரம் பரவும் என்று தெரியவேண்டுமா? குளம் நிரம்பி வான்கதவு (மிகைநீரை வெளியேற்றும் கதவு) திறந்த மழைக்குப் பிறகு, தண்ணீர் வற்றியதும் தாம்போதிக்கு, அதாவது ஆறு குறுக்கிடும் தாழ்வான வீதிக்கு, போங்கள். வேலிக் கம்பியில் வைக்கோலும் சருகும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது, மதகுச் சுவரில் சேற்றுக்கோடு எங்கே நிற்கிறது என்று நாடா பிடித்து அளந்தால் போதும், இதை எந்த வரைபடமும் சொல்லாது. ஆனால் அந்த வெள்ளத்தின்போது வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருந்ததா, மண் மூடிக் கிடந்ததா என்பதையும் எழுதிவையுங்கள். மூடியிருந்தால் வாவி மட்டம் ஏறி ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் வயலில் தேங்கும், அந்தச் சேற்றுக்கோட்டை மழையின் கணக்கில் மட்டும் சேர்த்தால் பிழை.

ஆற்றின் பெயரை ஊர் ஊராகக் கேளுங்கள், வேறு வேறாகச் சொன்னால் எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்புக்குள் இறங்கவேண்டாம், முதலை இருக்கும். குளத்துக்கு மேலே போவதென்றால் வெயில் சாய முன் திரும்பிவிடுங்கள், யானை வரும் பக்கம்.