டிஸ்சார்ஜ்: ஒரே சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

வேலூரில் மருத்துவமனை வாசலில் "டிஸ்சார்ஜ் ஆயிடுச்சா?" என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையின் அனுமதிக் கடிதத்தில் அதே சொல் கழிவுநீரைக் குறிக்கும். கம்மவான்பேட்டையில் ஒரு முன்னாள் படைவீரர் பத்திரமாக வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அது பணி முடிந்ததைச் சொல்லும். வங்கித் தாளில் வந்தால் கடன் தீர்ந்தது என்று பொருள். இந்தத் தாள்களைத் தமிழில் எழுதித் தருபவர்களும் பிறருக்குப் படித்துச் சொல்பவர்களும் எல்லா இடத்திலும் "வெளியேற்றம்" என்றே போட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடியும். சார்ஜ் என்பதன் பழைய பொருள் வண்டியில் பாரம் ஏற்றுவது. வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் ஏற்றிய பாரத்தை இறக்குவது. ஆகவே வாக்கியத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: இங்கே பாரம் எது? நோயாளியா, சீழா, கடனா, கடமையா, குற்றச்சாட்டா, மின்சாரமா? அடுத்தது: அது தானாக இறங்கியதா, யாராவது இறக்கினார்களா? தமிழில் தன்வினையும் பிறவினையும் தனித்தனியாக இருப்பது இங்கே பெரிய வசதி. வெளியேறு–வெளியேற்று, இறங்கு–இறக்கு, வடி–வடியவிடு என்று வினையை மாற்றினாலே யார் பொறுப்பு என்பது தெரிந்துவிடும். ஆங்கிலச் சொல் அதை மறைத்துவிடும்.

மருத்துவத் தாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரே டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தச் சொல் இரண்டு பொருளில் வரும். தலைப்பில் இருப்பது வீட்டுக்கு அனுப்புவது. உள்ளே புண்ணைப் பற்றிய வரியில் "நோ டிஸ்சார்ஜ்" என்றிருந்தால், புண்ணிலிருந்து சீழோ நீரோ வரவில்லை என்று பொருள். அதை "இன்னும் அனுப்பவில்லை" என்று படித்தால் குடும்பமே கலங்கிவிடும்.

உடலிலிருந்து வருவதற்குப் பொதுச்சொல் தேடாதீர்கள். தமிழில் இடத்துக்கு ஒரு சொல் உண்டு. கண்ணில் பீளை. மூக்கில் சளி அல்லது மூக்கொழுகல். காதில் சீழ் வடிதல். பெண்களுக்கு வெள்ளைப்படுதல். அறுவைசிகிச்சைத் தையலில் கசிவு. முன்னால் வரும் அடைமொழியையும் விடக் கூடாது. சீரஸ் என்றால் தெளிந்த நீர், பியூருலண்ட் என்றால் சீழ், பிளட் ஸ்டெயின்ட் என்றால் ரத்தம் கலந்தது. தெளிந்த நீர் கசிவதைச் "சீழ்" என்று எழுதினால், இல்லாத தொற்றை இருப்பதாகச் சொன்னதாகிவிடும்.

அனுப்பும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. வெறும் டிஸ்சார்ஜ் என்றால் மருத்துவர் சொல்லி அனுப்பியது. "அட் ரெக்வஸ்ட்" என்றால் நோயாளி தரப்பு கேட்டுப் போனது. "அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்" என்றால் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் போனது. மூன்றையும் "வீடு திரும்பினார்" என்று ஒரே வரியில் முடித்தால், அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்குச் சிகிச்சை பாதியில் நின்ற செய்தி போய்ச் சேராது.

நீதிமன்றத் தாளில் விடுவிப்பு வேறு, விடுதலை வேறு. குற்றச்சாட்டுப் பதிவு செய்யும் அளவுக்கு முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் முன்கட்டத்திலேயே விட்டுவிடுவது டிஸ்சார்ஜ், தமிழில் விடுவிப்பு. விசாரணை முழுதாக நடந்து குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வருவது அக்விட்டல், தமிழில் விடுதலை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 227, 239 பிரிவுகள் விடுவிப்பைச் சொல்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அவை 250, 262. தாளில் இந்த எண்களில் ஒன்றைக் கண்டால் "விடுதலை" என்று எழுதாதீர்கள்.

படைவீரர் தாளிலும் இதே எச்சரிக்கைதான். சிப்பாயாகச் சேர்ந்தவர் பணிக்காலம் முடித்து வருவதும் டிஸ்சார்ஜ்தான். அதைப் "பணிநீக்கம்" என்று எழுதினால், தண்டனையாக வெளியே அனுப்பப்பட்டவர் என்று ஆகிவிடும். தண்டனைக்குரிய சொல் டிஸ்மிசல். இங்கே "பணி விடுவிப்பு" என்று எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் தாளில் உள்ளபடி தமிழில் தர வேண்டும்.

தோல் தொழிலுக்கு வருவோம். எஃப்ளுவண்ட் என்பது ஒரு பொருளின் பெயர்: கழிவுநீர். டிஸ்சார்ஜ் என்பது செயல்: அதை வெளியே விடுவது. பாலாற்றுப் படுகை கெட்டதை முன்வைத்து நடந்த வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்ச் செய்தியில் அதைப் பற்றி எழுதும்போது "கழிவுநீர் வெளியேறியது" என்பதற்கும் "வெளியேற்றப்பட்டது" என்பதற்கும் உள்ள தூரத்தை நினைவில் வையுங்கள். முதல் வாக்கியத்தில் பொறுப்பாளியே இல்லை. "ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்" என்பதைக் "கழிவே இல்லாத முறை" என்று பெயர்ப்பதும் பிழை. திரவமாக எதையும் வெளியே விடுவதில்லை என்பதுதான் அதன் பொருள். நீரைப் பிரித்தெடுத்த பிறகு உப்பு திடக்கழிவாகத் தங்கிவிடுகிறது. "திரவக் கழிவை வெளியே விடாத முறை" என்று நீட்டி எழுதுவதே சரி.

ஏற்றுமதித் தாளில் "போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்" என்றால் சரக்கு இறங்கும் துறைமுகம். ஆம்பூர்ச் செருப்பு சென்னையில் கப்பலேறினால் சென்னை ஏற்றும் துறைமுகம்தான். "போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்" என்ற கட்டத்தில் சென்னை என்று நிரப்பக் கூடாது.

ஆற்றுக்கு வந்தால், ஒரு விநாடியில் ஓடும் நீரின் அளவே டிஸ்சார்ஜ். ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர், ஆகவே விநாடிக்கு 1,000 கன அடி என்றால் 28,300 லிட்டர். அணை நிரம்பித் தானாக வழியும் நீரைத் "திறந்துவிட்டார்கள்" என்று எழுதக் கூடாது. மோர்தானா அணை நிரம்பினால் உபரிநீர் வழிகிறது; மதகைத் தூக்கினால்தான் திறப்பு. போர்வெல் மோட்டார் தகட்டிலும் இதே சொல் இருக்கும். விநாடிக்கு 1 லிட்டர் என்றால் மணிக்கு 3,600 லிட்டர். ஆழம் கூடக்கூட அந்த அளவு குறையும் என்பதால் தகட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள். இங்கே "நீர் தரும் அளவு" என்றாலே போதும்.

மற்றவை எளிது. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆவதைச் "சார்ஜ் இறங்கிடுச்சு" என்றே எல்லோரும் சொல்கிறார்கள், பாடநூலில் மின்னிறக்கம். கடமையை டிஸ்சார்ஜ் செய்வது கடமையாற்றுவது. துப்பாக்கியை என்றால் சுடுவது.

அடமானக் கடன் மட்டும் இன்னொரு வேலை வைக்கும். வங்கி "டிஸ்சார்ஜ்டு" என்று கடிதம் தந்தால் கடன் தீர்ந்தது, அவ்வளவுதான். பதிவு செய்த அடமானம் என்றால் அது முடிந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். ஆகவே "கடன் தீர்க்கப்பட்டது" என்று எழுதுங்கள். ரசீது பதிவாகாத நிலையில் "வில்லங்கம் நீங்கியது" என்று எழுதிவிடாதீர்கள்.