சாட்சி சம்மன் வந்திருக்கிறதா? முதலில் அரசு வழக்கறிஞர் (பி.பி.) அறைக்குப் போங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்காவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். பார்த்தவன் நான். ஏட்டு வந்து கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டு போனார். மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு சம்மன் வந்தது. முதல் நாள் காலை பத்து மணியிலிருந்து நீதிமன்ற வராண்டாவில் நின்றேன். சாயங்காலம் "வாய்தா" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை போனபோது பக்கத்தில் நின்ற குமாஸ்தா ஒருவர் கேட்டார்: "ஏ.பி.பி.யைப் பார்த்தீங்களா?"

அப்படி ஒருவரைப் பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமலிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

படி 1: அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பை நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர், அதாவது ஏ.பி.பி. கொலை, கொலை முயற்சி போன்ற வழக்குகள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பி.பி. அல்லது கூடுதல் பி.பி. இருப்பார். யாருக்கும் நீங்கள் ஃபீஸ் தர வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். அவர் அரசின் வக்கீல், உங்கள் சொந்த வக்கீல் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மை இருந்தால் அதையும் அவர் மறைக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் தனக்கென ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆனால் அந்த வக்கீல் பி.பி.க்குத் துணையாகத்தான் நிற்க முடியும். வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

படி 2: நீதிமன்றம் தொடங்கும் முன்பே போய்ப் பாருங்கள்

சம்மனில் உள்ள வழக்கு எண், காவல் நிலையக் குற்ற எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க அடையாள எண், அதாவது சி.என்.ஆர். எண் கிடைத்தால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நீதிபதி இருக்கைக்கு வந்த பிறகு பி.பி.க்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அதனால் நீதிமன்றம் தொடங்கும் முன்பே அவர் அறைக்குப் போய்விடுங்கள்.

என்ன கேட்கலாம்? இன்று உண்மையிலேயே என்னை விசாரிப்பார்களா, நான் எத்தனையாவது சாட்சி, எங்கே நிற்க வேண்டும், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு ஆட்கள் வந்தால் நான் எங்கே உட்காரலாம். இதையெல்லாம் சொல்வது அவர் வேலைதான், கூச்சப்படாதீர்கள்.

கேட்கக் கூடாதது ஒன்றே ஒன்று: "சார், நான் என்ன சொல்லணும்?" சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கையே கெடுத்துவிடும். நடைமுறையை அவர் விளக்கலாம், பதிலை எழுதித் தரக் கூடாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "பி.பி.யைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?" என்று ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி கேட்பார். பார்த்திருந்தால் பார்த்தேன் என்றே சொல்லுங்கள். அதில் தப்பு எதுவும் இல்லை.

படி 3: கூண்டில் ஏறும் நாள்

வந்ததும் உங்கள் காவல் நிலையத்தின் கோர்ட் ஏட்டிடம் வருகையைச் சொல்லுங்கள். சாட்சி வந்து நிற்கும்போது, சிறப்புக் காரணத்தை எழுதி வைக்காமல் விசாரணையை ஒத்திவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேறு மாதிரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். சாட்சிகள் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கப்படுவதையும், உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் நிற்பதையும் உச்ச நீதிமன்றமே 2000-ல் ஸ்வரண் சிங் வழக்கில் வருத்தத்தோடு எழுதியது. வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்கள், கைக்குழந்தை இருக்கிறது, கூலி போய்விடும் என்பதையெல்லாம் பி.பி.யிடம் முன்கூட்டியே சொன்னால் உங்களை முதலில் கூப்பிடச் சொல்லி அவர் கேட்க முடியும். பேட்டாவையும், அதாவது சாட்சிக்குத் தரும் செலவுப் பணத்தையும், மறக்காமல் கேளுங்கள்.

முதலில் பி.பி. கேட்பார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்க அவருக்கு அனுமதி இல்லை, அதனால் "என்ன பார்த்தீர்கள்?" என்பதுபோல்தான் கேட்பார். பிறகு எதிர்த்தரப்பின் கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை. அங்கே ஆபாசமாகவோ அவமானப்படுத்தும்படியோ கேள்வி வந்தால் பி.பி. ஆட்சேபிக்கலாம், நீதிபதி தடுக்கலாம். நினைவில்லாததற்கு "நினைவில்லை" என்பதே சரியான பதில். மூன்று வருடத்துக்கு முன் பார்த்த பைக்கின் நிறத்தை நான் ஊகித்துச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன். முடிந்ததும் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவார்கள். தவறாகப் பதிவாகியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 4: மிரட்டல் வந்தால்

"சாட்சி சொல்லிட்டு ஊர்ல இருந்துடுவியா?" என்று யாராவது கேட்டால் அது வெறும் பேச்சில்லை. பொய்ச் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 232-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வையுங்கள். போன் அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு திட்டம் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம். மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான வேறு சில குற்றங்களுக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. அதன் உறுப்பினர் செயலர், மாவட்டத்தில் அரசு வழக்கு நடத்தும் துறையின் தலைவர். மனு அவர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே உங்கள் பி.பி.யிடமே "சாட்சி பாதுகாப்பு மனு போட வேண்டும்" என்று கேளுங்கள்.

மனு வந்ததும் குழு அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி. அல்லது உதவி ஆணையரிடம் அச்சுறுத்தல் அறிக்கை கேட்கும். ஐந்து வேலை நாளுக்குள் அது வர வேண்டும், வந்த பின் ஐந்து வேலை நாளுக்குள் முடிவும் வர வேண்டும். அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்பு உண்டு. வீட்டருகே ரோந்து, நீதிமன்றத்துக்குப் போக வரத் துணை, போன் எண் மாற்றம், எதிரியை நேருக்கு நேர் பார்க்காத ஏற்பாடு, தேவைப்பட்டால் இடமாற்றம் வரை அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று மாதம். தேவை இருந்தால் நீட்டிக்கக் கேட்கலாம்.

படி 5: சில வழக்குகளில் உரிமை இன்னும் கூடுதல்

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் குழந்தையிடம் யாரும் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. பி.பி.யும் எதிர்த்தரப்பும் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்பார். பாலியல் வன்கொடுமை வழக்கு மூடிய அறையில் நடக்கும்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு என்றால் 15-ஏ பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையையும் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியது சிறப்பு பி.பி.யின் அல்லது அரசின் கடமை. ஜாமீனை எதிர்த்துப் பேசும் உரிமை உங்களுக்கு உண்டு, பயணச் செலவும் தர வேண்டும். "எங்களுக்குத் தெரியாமலே பெயில் குடுத்துட்டாங்க" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகவல் தரவில்லை என்பதையே காரணமாக வைத்து அந்த ஜாமீனை எதிர்த்துக் கேட்கலாம்.

படி 6: பணம், தீர்ப்பு, பொருள்

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், இரண்டு மாதத்துக்குள் அது விசாரித்து முடிக்க வேண்டும். வழக்கையே திரும்பப் பெற பி.பி. மனு போட்டால், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-வது பிரிவு இது. எதிரி விடுதலையானால் அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் தானே செய்யலாம்.

அப்புறம் பொருள். மீட்ட நகையைப் புகைப்படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. அதற்கு ஒரு மனு போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெரு அக்கா மூன்று வருடமாக மஞ்சள் கயிற்றோடு இருந்தார், சங்கிலியோ நீதிமன்றத்தின் பொருள் அறையில். நாங்கள் இருவரும் ஏ.பி.பி. அறைக்குப் போனபோது அவர் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, யாரும் மனு போடச் சொல்லலையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினார் அக்கா. பதினைந்து நாளில் சங்கிலி கைக்கு வந்தது.