கலப்புத் தற்காப்புக் கலை வீரரை எடைபோடும் முறை

குத்துச்சண்டையில் ஊறிய வடசென்னையில் வீரரின் கைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் சேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலையிலோ, நான் கால்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். முன்காலில் எடையைச் சாய்த்து நிற்பது குத்துக்கு வலுச்சேர்த்தாலும், கெண்டைக்காலுக்கு வரும் உதையைத் தடுக்க அந்தக் காலை உடனே தூக்கவிடாது. எதிராளி தாழ்ந்து பாய்ந்து கால்களைப் பிடிக்க வரும்போது, வீரர் தம் கால்களைப் பின்னுக்கு வீசி இடுப்பின் பாரத்தை அவர்மீது இறக்குகிறாரா, அல்லது பதறிப்போய் எதிராளியின் கழுத்தை மட்டும் கட்டிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். பின்னது பெரும்பாலும் மல்லாந்து விழுவதில்தான் முடியும். விழுந்தபின் முதுகைக் காட்டி எழுபவர் கழுத்து நெரிப்புக்கு இடம் கொடுக்கிறார். 3 நிமிடச் சுற்றுக்குப் பழகிய குத்துச்சண்டைக்காரரை இந்தக் கலையின் 5 நிமிடச் சுற்றின் கடைசி 2 நிமிடங்கள் காட்டிக்கொடுத்துவிடும்: வாய் திறக்கும், தாடையைக் காத்த கை மார்புக்கு இறங்கும். பயிற்சிப் பையின் முன் எல்லோரும் சூரர்கள்தாம். ஆகவே அவர் தோற்ற போட்டி ஒன்றையாவது முழுமையாகப் பாருங்கள்.