உச்சி வேண்டும், அந்தரம் வேண்டாம்: ஹெல்வெலின் மலைக்கு ஒரு பயந்தாங்கொள்ளியின் வழி

மூன்று ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஸ்விரல் எட்ஜ் என்ற பாறை முகட்டில் நான் இருபது நிமிடம் பல்லிபோல ஒட்டிக்கொண்டு கிடந்தேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். அவருடைய நாயும் தாண்டிப் போனது. எனக்கு மட்டும் கை வரவில்லை, கால் வரவில்லை.

இத்தனைக்கும் நான் எச்சரிக்கையாகத்தான் கிளம்பியிருந்தேன். ஹெல்வெலின் (950 மீட்டர்) ஏற வேண்டுமானால் ஸ்ட்ரைடிங் எட்ஜ் பக்கம் போகாதே, அது கத்தி முனை என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். சரி என்று அதை விட்டுவிட்டு, ரெட் டார்ன் குளத்துக்கு மறுபுறம் இருந்த பாதையைப் பிடித்தேன். அந்த மறுபுறப் பாதைதான் ஸ்விரல் எட்ஜ். ஒரு கத்தியிலிருந்து தப்பி இன்னொரு கத்தியில் ஏறியிருக்கிறேன்.

அதன் பிறகு வரைபடத்தை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது அதே உச்சிக்கு நான்கு முறை போய்வந்துவிட்டேன், ஒரு முறைகூட நெஞ்சு படபடக்காமல். மூச்சு வாங்கியது, அது வேறு கதை.

முதலில் ஒரு பிரிவினை

செங்குத்து வேறு, அந்தரம் வேறு. பயந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என் சோதனை இதுதான்: இங்கே கால் இடறினால் பொத்தென்று உட்காருவேனா, அல்லது போயே போய்விடுவேனா? உட்காருவேன் என்றால் அது வெறும் செங்குத்து. முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான். போய்விடுவேன் என்றால் அது அந்தரம். பர்வதமலையில் கடப்பாறைப் பாதையைப் பார்த்தவுடன் நான் உட்கார்ந்துவிட்டதற்கும், திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் ஓடி ஏறியதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான். அன்று எனக்கு அது தெரியாது.

மலையின் முதுகைக் கண்டுபிடியுங்கள்

ஹெல்வெலின் போன்ற மலைகளுக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. பனியுகத்தில் நிழலும் காற்று மறைவும் உள்ள வடக்கு, கிழக்குச் சரிவுகளில்தான் பனி தேங்கிப் பனியாறாகி மலையைக் குடைந்தது. ரெட் டார்ன் குளம் கிடப்பது அப்படிக் குடைந்த பள்ளத்தில். பள்ளத்தின் இருபுறமும் மிஞ்சி நிற்கும் சுவர்கள்தான் இரண்டு எட்ஜ்களும். மேற்குப் பக்கம் அந்த வேலை நடக்கவில்லை, யானை முதுகுபோல உருண்டு கிடக்கிறது. உச்சி எவ்வளவு தட்டை என்றால், 1926 டிசம்பரில் ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் இருவரும் அதன்மேல் ஒரு விமானத்தையே இறக்கிவிட்டுத் திரும்பப் பறந்து போனார்கள். நினைவுக் கல் இன்னும் இருக்கிறது. விமானம் இறங்கும் இடத்தில் நமக்கென்ன பயம்? பயமெல்லாம் போகும் வழியில்தான்.

பிரிட்டனில் புது மலை ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது அதன் மேற்கையும் தெற்கையும். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், தொடங்க நல்ல இடம்.

கோடுகளை எண்ணுங்கள்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் வாங்குங்கள். ஹெல்வெலினுக்கு ஓஎல்5 தாள். காகிதத் தாளையே வாங்குங்கள். செயலியில் பார்த்துத்தான் நான் ஸ்விரலில் மாட்டினேன். சின்னத் திரையில் பாதை தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது சமஉயரக் கோடு. மலைப்பகுதியில் அது 10 மீட்டர் உயரத்துக்கு ஒன்று, தடித்த கோடு 50 மீட்டருக்கு ஒன்று. தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பாதை கடக்கும் இடத்தில் கோடுகள் 1 மி.மீ. இடைவெளியில் இருந்தால் சரிவு சுமார் 22 டிகிரி. அரை மி.மீ. என்றால் 39 டிகிரி. பயப்படாதீர்கள்: பிரிட்டிஷ் வீடுகளின் மாடிப்படி 42 டிகிரிவரை இருக்கலாம் என்று கட்டட விதியே அனுமதிக்கிறது. தினமும் காப்பிக் குவளையுடன் அதில் இறங்குகிறோம்.

என்னைக் கவிழ்த்த இடம்

இங்கேதான் நிதானம் தேவை. நான் பாதையின் சரிவை மட்டும் பார்த்தேன். பாதையின் இரண்டு பக்கங்களையும் பார்க்கவில்லை.

ஒரு பென்சிலை எடுத்துப் பாதையின் ஓரமாக நகர்த்துங்கள். அரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, இடது பக்கம் ஒரு சென்டிமீட்டர், வலது பக்கம் ஒரு சென்டிமீட்டர் பாருங்கள். மூன்று விதமாக வரும்.

பாதை கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக ஏறுகிறது, இரு பக்கமும் கோடுகள் ஏறக்குறைய அதே இடைவெளியில் அகலமாக ஓடுகின்றன: அகன்ற சரிவு. இடறினால் உட்காரலாம்.

பாதை கோடுகளோடு இணையாகப் போகிறது, கீழ்ப்பக்கம் கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன: பாதை சமதளமாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் ஒன்றும் இருக்காது. புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். "ஏற்றமே இல்லையே, சுலபம்" என்று தோன்றும்.

பாதை ஒரு நாக்கின் நடுவில் போகிறது, இரண்டு பக்கமும் கோடுகள் அடர்ந்து கறுப்புப் பாறைக் குறிகளும் இருக்கின்றன: எட்ஜ். திரும்பிவிடுங்கள்.

ஸ்விரலை இன்று அந்தத் தாளில் பார்த்தால் மூன்றாவது விதம் கண்ணில் குத்துகிறது. அன்று எனக்குத் தெரிந்தது உச்சிக்குக் குட்டையான வழி என்பது மட்டுமே.

பெயரையும் கவனியுங்கள். ஏரி மாவட்டத்து முகடுகளில் எட்ஜ் என்று வந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். வேல்ஸில் க்ரிப் என்றால் முகடு. அங்கே பல்க் மைன் என்று ஓர் இடம், ஒடுங்கிய கணவாய் என்று பொருள். ஊர்க்காரர்கள் பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பிறகு ஜியோகிராஃப் என்ற இணையதளத்தில், பாதை போகும் வரைபடக் கட்டத்தின் படங்களைப் பாருங்கள். நடந்துபோனவர்கள் எடுத்த சாதாரணப் படங்கள். டிரோன் காணொளிகளைப் பார்க்காதீர்கள். நாம் காக்கையாகப் பறந்து போகப் போவதில்லை.

நடை

நான் சொல்வது மேற்கே வைத்பர்ன் தேவாலயத்திலிருந்து போகும் வழி. சுமார் மூன்றரைக் கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 760 மீட்டர். முதல் பகுதி காட்டுக்குள், கல் பதித்த பாதை, செமத்தியான ஏற்றம். இங்கே அவசரப்பட்டால் தீர்ந்தீர்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். காடு முடிந்ததும் புல் சரிவில் மெல்ல வளைந்து ஏறி, நெதர்மோஸ்ட் பைக் என்ற பக்கத்து உச்சிக்கும் ஹெல்வெலினுக்கும் நடுவே முதுகில் சேர்கிறது. அங்கிருந்து இடது கைப்பக்கம் திரும்பி உச்சி. வலப்புறம் செங்குத்துப் பாறை விளிம்பு இருக்கிறது, ஆனால் முதுகு அகலமானது, விளிம்பைத் தொடாமலே போகலாம். உச்சியில் சிலுவை வடிவத்தில் கற்சுவர் ஒன்று உண்டு. எந்தத் திசையில் காற்றடித்தாலும் ஒரு மூலை காலியாக இருக்கும். நான் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட இடம் அது.

இறங்கும்போது இரண்டு ஊன்றுகோல்கள் வேண்டும். ஒன்று போதாது. திருகிப் பூட்டும் வகையை வாங்காதீர்கள், என்னுடையது ஈரத்தில் நழுவி உள்ளே போய்விட்டது. மடக்குப் பிடியால் பூட்டுவதே நல்லது. கண் மூன்றடி முன்னால் இருக்கட்டும், பள்ளத்தாக்கில் வேண்டாம். பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசையா? நின்று பாருங்கள்.

பின்சேர்க்கை 1: கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் மில்லிமீட்டர் கணக்கு உதவவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மை, நான் யோசிக்கவில்லை. நீலக் கட்டத்தை வைத்து எண்ணுங்கள். ஒரு கட்டத்தின் பக்கம் ஒரு கிலோமீட்டர். பக்கத்தின் கால்வாசி நீளத்தில் 100 மீட்டர் ஏறினால் 22 டிகிரி, 200 மீட்டர் ஏறினால் 39. எவ்வளவு பெரிதாக்கினாலும் இது மாறாது. இன்னொருவர் ஹார்வி என்ற வேறு நிறுவனத்தின் வரைபடம் வைத்திருக்கிறார்; அதில் கோடு 15 மீட்டருக்கு ஒன்று. அதனால் மலை சாதுவாகத் தோன்றும். ஏமாறாதீர்கள்.

பின்சேர்க்கை 2: மலைக்குக் கிழக்கே கிளென்ரிடிங் கிராமத்தில் தங்குகிறோம், கிழக்கிலிருந்து வழியே இல்லையா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இருக்கிறது. பழைய கிரீன்சைடு ஈயச் சுரங்கத்தைத் தாண்டி, கெப்பல் கோவ் பக்கம் வளைந்து வளைந்து ஏறும் குதிரைப் பாதை. நீளம் அதிகம், அந்தரம் இல்லை. ரெட் டார்ன் பக்கம் மட்டும் பிரிந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 3: இதெல்லாம் பனி இல்லாத மாதங்களுக்கு மட்டும். பனி மூடினால் அகன்ற சரிவும் சறுக்குமரம்தான், நான் மேலே சொன்ன "உட்காருவேனா" சோதனை அப்போது செல்லாது. கிழக்கு விளிம்பில் பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தரை என்று நினைத்துக் காலை வைத்தால் கீழே காற்றுதான். குளிர்காலத்தில் ஏரி மாவட்டத்து வானிலைச் சேவைக்காக ஒருவர் தினமும் ஹெல்வெலின் ஏறி நிலைமையை எழுதுகிறார். அதைப் படியுங்கள், படித்துவிட்டு வீட்டிலேயே இருங்கள். மாட்டிக்கொண்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும்.

கார் இல்லாதவர்களுக்கு: கெஸ்விக் ஊரிலிருந்து 555 பஸ் வைத்பர்ன் வழியாகத்தான் போகிறது. திரும்பும் கடைசி பஸ் நேரத்தை ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை.