இங்கிலாந்தில் லீஸ்ஹோல்ட் ஃப்ளாட்: கிரவுண்ட் ரெண்ட், சர்வீஸ் சார்ஜ் பில்களைக் கையாள்வது எப்படி?

வீடு வாங்கியாயிற்று, மார்ட்கேஜ் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம் வருகிறது: கிரவுண்ட் ரெண்ட் 250 பவுண்டு கட்டவும். சில வாரம் கழித்து இன்னொன்று, சர்வீஸ் சார்ஜ் 1,800 பவுண்டு. சொந்த வீட்டுக்கு எதற்கு வாடகை என்ற எரிச்சலில் சிலர் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். சிலர் சட்டச் சிக்கலுக்குப் பயந்து ஒரு வரிகூடப் படிக்காமல் அன்றே கட்டிவிடுகிறார்கள். முதலாவது ஆபத்து, இரண்டாவது நஷ்டம்.

லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் முதல் வீடாக ஃப்ளாட் வாங்கிய நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்துச் சட்டம். வேல்ஸில் பெரும்பாலும் இதேதான், தீர்ப்பாயத்தின் பெயர் மட்டும் வேறு. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

லீஸ்ஹோல்ட் என்றால், லீஸ் என்ற ஒப்பந்தப்படி குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான் ஃப்ளாட் உங்களுடையது; நிலமும் கட்டிடமும் ப்ரீஹோல்டர் எனும் உரிமையாளருடையவை. ஆரம்பத்திலேயே ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரவுண்ட் ரெண்டும் சர்வீஸ் சார்ஜும் ஒரே கவரில் வந்தாலும் இரண்டும் வெவ்வேறு சங்கதி. கிரவுண்ட் ரெண்ட் ப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை, அதற்குப் பதிலாக உங்களுக்கு எந்தச் சேவையும் கிடையாது. லீஸில் எழுதிய தொகை எழுதியதுதான், அது நியாயமா என்று வாதாட இடமில்லை. கேட்ட முறை சரியா என்று மட்டும்தான் பார்க்கலாம். சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டிடத்தின் பராமரிப்பு, காப்பீடு போன்ற பொதுச் செலவில் உங்கள் பங்கு, அப்படியில்லை. அங்கே தொகையையே கேள்வி கேட்கலாம். ஆகவே உங்கள் நேரத்தையும் கோபத்தையும் சர்வீஸ் சார்ஜுக்காகச் சேமித்து வையுங்கள்.

படி 1: லீஸைத் தேடி எடுங்கள்

வாங்கும்போது சொலிசிட்டர் அனுப்பிய காகிதக் கட்டில் லீஸின் நகல் இருக்கும். இல்லையென்றால் அரசின் சொத்துப் பதிவுத் துறையான எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் கேட்டு வாங்கலாம். சொத்து யார் பெயரில் என்று காட்டும் டைட்டில் ரெஜிஸ்டர் மட்டும் வேண்டுமென்றால் அரசின் இணையதளத்தில் 7 பவுண்டுதான். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது சில சமயம் இதையே பல மடங்கு விலைக்கு விற்கும் தனியார் தளம், முகவரி gov.uk என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

லீஸ் ஐம்பது அறுபது பக்கம் இருக்கும், முழுவதையும் படிக்க வேண்டாம். ஐந்து விஷயத்தைத் தேடி, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: லீஸ் எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை வருடம், கிரவுண்ட் ரெண்ட் எவ்வளவு, எப்போது, எப்படி ஏறும், எந்தத் தேதிகளில் கட்ட வேண்டும், மொத்தச் செலவில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எந்தெந்தச் செலவுகளைச் சர்வீஸ் சார்ஜில் சேர்க்கலாம். கட்டும் தேதியாக மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று விசித்திரமாக இருந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். இங்கே நூற்றாண்டுகளாக இருந்துவரும் காலாண்டு நாட்கள் அவை.

இந்த ஐந்தில் நிதானமாகப் படிக்க வேண்டியது ஏற்றம் பற்றிய ஷரத்து. 10 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று எழுதியிருந்தால், இன்று 250 பவுண்டு 50 வருடத்தில் 8,000 பவுண்டாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும், விற்கவும் திண்டாட வேண்டியிருக்கும். இந்த விவகாரத்தைப் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமே விசாரித்தது. 2021 டிசம்பரில் டெய்லர் விம்பி நிறுவனம் இரட்டிப்பு ஷரத்துகளை நீக்க உறுதிமொழி கொடுத்தது. வேறு சில நிறுவனங்களும் அப்படிக் கொடுத்தன. உங்கள் வீட்டைக் கட்டியவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

2022 ஜூன் 30-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது; அன்றிலிருந்து போட்ட புதிய லீஸ் என்றால், சில விதிவிலக்குகள் போக, கிரவுண்ட் ரெண்டே கிடையாது. லீஸில் பெப்பர்கார்ன் என்று போட்டிருக்கும், அதாவது நடைமுறையில் ஒன்றும் கட்ட வேண்டாம். பழைய லீஸ்களுக்கு அந்தச் சட்டத்தால் பலனில்லை.

படி 2: கிரவுண்ட் ரெண்ட் கடிதம்

2002-ம் ஆண்டு காமன்ஹோல்ட் அண்ட் லீஸ்ஹோல்ட் ரிஃபார்ம் சட்டத்தின் 166-ம் பிரிவுப்படி, முறையான படிவத்தில் நோட்டீஸ் வந்தால்தான் கிரவுண்ட் ரெண்ட் கட்டும் கடமையே பிறக்கிறது. நோட்டீஸில் தொகையும் கட்ட வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தேதி, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். லீஸில் உள்ள தேதிக்கு முன்னால் போகவும் கூடாது. நோட்டீஸே அனுப்பாமல், தாமதக் கட்டணம் 60 பவுண்டு என்று நேராக வந்து நின்றால், அந்த 60-ஐக் கட்ட வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா? கட்டிவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இதில் வீம்பு பிடித்து ஒரு லாபமும் இல்லை. நிலுவை 350 பவுண்டைத் தாண்டினாலோ, அல்லது எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தாலோ, ப்ரீஹோல்டர் லீஸையே பறிக்கக் கோரி வழக்குப் போட வழி பிறக்கிறது. பெரும்பாலும் அதுவரை போகாது. அதற்கு முன்பே உங்கள் மார்ட்கேஜ் வங்கிக்குக் கடிதம் போகும், வங்கி கட்டிவிட்டு உங்கள் கடனில் ஏற்றிவிடும், நடுவில் வந்த வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும்.

ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நோட்டீஸ் அந்த ஃப்ளாட் முகவரிக்கே வரும். வேறு முகவரிக்கு வர வேண்டுமென்றால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்த முகவரியும் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருக்க வேண்டும். நம்பிக்கையான உறவினர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர் உங்கள் தபாலைப் பத்திரமாக எடுத்து வைப்பார் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 3: சர்வீஸ் சார்ஜ் பில்லை அலசுங்கள்

முதலில் தாளைப் பாருங்கள், தொகை அப்புறம். பில்லில் ப்ரீஹோல்டரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? ப்ரீஹோல்டருக்காகக் கட்டிடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட்டின் முகவரி மட்டும் போதாது. கூடவே உங்கள் உரிமைகளையும் கடமைகளையும் சொல்லும் சுருக்கத் தாள் வந்திருக்கிறதா? இரண்டில் எது இல்லாவிட்டாலும், அது வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் இதை நிரந்தரத் தப்பிப்பு என்று நம்பிவிடாதீர்கள். ஏஜென்ட் சரியான பில்லைத் திரும்ப அனுப்பிவிட்டால் கடமை உயிர் பெற்றுவிடும். இது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

அதைவிட வலுவானது 18 மாத விதி. ஒரு செலவு நடந்து 18 மாதத்துக்குள் அதற்குப் பில்லோ, இவ்வளவு செலவாகியிருக்கிறது, பின்னால் உங்களிடம் வசூலிப்போம் என்ற எழுத்து அறிவிப்போ வரவில்லை என்றால், அந்தச் செலவை உங்களிடம் வசூலிக்க முடியாது. ஏஜென்ட் மாறிய கட்டிடங்களில் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்து வருவார்கள், தேதிகளைக் கவனியுங்கள்.

இப்போது தொகை. உங்கள் சதவீதத்தை மொத்தத்தோடு பெருக்கிப் பாருங்கள். இந்தச் சாதாரணக் கணக்கிலேயே தவறு வருவதுண்டு. பிறகு ஒவ்வொரு வரியையும் லீஸில் தேடுங்கள். லீஸ் அனுமதிக்காத செலவை எவ்வளவு நியாயமானது என்றாலும் வசூலிக்க முடியாது. அனுமதித்த செலவும் 1985-ம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி நியாயமான அளவில் இருக்க வேண்டும், வேலையும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டிடத்துக்கு லிஃப்ட் பராமரிப்பு போட்டிருக்கிறார்களா, காப்பீடு போன வருடத்தைவிட ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது, வாரம் ஒருமுறை என்று காசு வாங்கிக்கொண்டு மாதம் ஒருமுறைதான் மாடிப்படி கூட்டுகிறார்களா என்பதெல்லாம் இங்கே வரும். என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டியது காப்பீட்டு வரிதான். அதில் கமிஷன் ஒளிந்திருக்கலாம்.

படி 4: பெரிய வேலைக்கு முன் வரும் நோட்டீஸ்

கூரை, வெளிச்சுவர் பெயின்ட் போன்ற வேலைகளில் ஒரு ஃப்ளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், அதே 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-ம் பிரிவுப்படி முன்கூட்டியே உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். முதலில் என்ன வேலை, ஏன் என்று ஒரு நோட்டீஸ். பிறகு விலைப்புள்ளிகளோடு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத 30 நாள். வருடத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் உங்கள் பங்கு வரும் நீண்டகால ஒப்பந்தங்களுக்கும் இதுபோல உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 ஃப்ளாட், சம பங்கு, கூரை வேலை 60,000 பவுண்டு. உங்கள் பங்கு 2,500. கலந்தாலோசிக்காமல் செய்துவிட்டார்கள் என்றால் உங்களிடம் அதிகபட்சம் 250 பவுண்டுதான் வாங்க முடியும். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதிலிருந்து விலக்குக் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறை மீறப்பட்டதால் குடியிருப்பவர்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பதுதான் கேள்வி என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் வரவில்லை என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். முறையாகக் கேட்டிருந்தால் நான் இந்த ஒப்பந்ததாரரைச் சொல்லியிருப்பேன், அவருடைய விலை இது என்று தாளோடு காட்டினால்தான் வாதம் நிற்கும். நோட்டீஸ் வந்த சமயத்தில் சும்மா இருக்காமல் அந்த 30 நாளுக்குள் எழுதிப் போடுங்கள்.

படி 5: எழுதிக் கேளுங்கள்

போனில் சண்டை போடாதீர்கள். மின்னஞ்சலோ கடிதமோ, எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். அதே 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 21-ம் பிரிவின் கீழ் செலவுச் சுருக்கம் கேளுங்கள். அது கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் 22-ம் பிரிவின் கீழ் பில்களையும் ரசீதுகளையும் பார்க்கக் கேட்கலாம். தகுந்த காரணமில்லாமல் மறுப்பது குற்றம். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதினாலே பதிலின் தொனி மாறிவிடும்.

பதில் வரும்வரை பணம் கட்டுவதா வேண்டாமா? முழுவதையும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சர்ச்சையில்லாத பகுதியைக் கட்டுங்கள். மீதியையும் கட்ட நேர்ந்தால், ஆட்சேபத்தோடுதான் கட்டுகிறேன், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துக் கட்டுங்கள். பணம் கட்டியதை மட்டும் வைத்து நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகக் கருத முடியாது என்று சட்டமே சொல்கிறது.

அதே கட்டிடத்தில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் பார்த்தால் புன்னகைத்துவிட்டுப் போகும் எதிர்வீட்டுக்காரருக்கும் இதே பில்தான் வந்திருக்கும்.

படி 6: தீர்ப்பாயம்

இதற்கும் மசியவில்லை என்றால், முதல் நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கு அதே 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 27ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். கட்ட வேண்டுமா, யார், எவ்வளவு என்று அவர்கள் முடிவு செய்வார்கள். வக்கீல் கட்டாயமில்லை. விண்ணப்பிக்கும்போதே 20சி பிரிவின் கீழ் இன்னொரு கோரிக்கையையும் வையுங்கள்: ப்ரீஹோல்டரின் வழக்குச் செலவை அடுத்த வருடச் சர்வீஸ் சார்ஜில் சேர்க்கக் கூடாது என்று. இதை மறந்தால், ஜெயித்த பணம் மறுபடி அந்தப் பக்கமே போய்விடலாம். மிகைப்பட்ட நிர்வாகக் கட்டணங்களையும் இதே தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம்.

தொகையைப் பற்றி அல்லாமல், ஏஜென்ட் பதிலே போடுவதில்லை என்பதுபோன்ற புகார் என்றால் ஆம்பட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளர் பக்கம் போங்கள். 2014 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் மேனேஜிங் ஏஜென்ட்கள் ஏதாவது ஒரு குறைதீர்ப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று குழப்பமாக இருந்தால், லீஸ் (LEASE) என்று சுருக்கமாக அழைக்கப்படும் லீஸ்ஹோல்ட் அட்வைஸரி சர்வீஸிடம் இலவச ஆலோசனை கிடைக்கும்.

படி 7: கிரவுண்ட் ரெண்டை ஒழித்துக்கட்ட

1993-ம் ஆண்டுச் சட்டப்படி லீஸை நீட்டித்தால் 90 வருடம் கூடும், கிரவுண்ட் ரெண்டும் போய்விடும். வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31-ல் நீங்கியது. 990 வருட நீட்டிப்புக்கும் 2024-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது, ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. உங்கள் சொலிசிட்டரிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாக லீஸில் 80 வருடத்துக்குச் சற்றே மேல் மீதமிருந்தால் தள்ளிப்போடாமல் கேளுங்கள். பழைய விதிப்படி 80-க்குக் கீழே இறங்கியதும் நீட்டிப்பு விலை சட்டென்று ஏறும்.

நடுவில் ப்ரீஹோல்டரே, வக்கீல் செலவு மிச்சம், நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகைக் கடிதம் அனுப்பக்கூடும். அதில் பழைய லீஸின் மீதிக் காலத்துக்குக் கிரவுண்ட் ரெண்ட் அப்படியே தொடர்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். தொடர்ந்தால், சட்டப்படியான வழியில் எவ்வளவு ஆகும் என்று ஒரு சர்வேயரிடம் விலை கேட்ட பிறகே பதில் எழுதுங்கள்.