தடுப்பு சினாப்ஸில் எந்த ரிசெப்டர் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

தடுப்பு சினாப்ஸ் (அடுத்த நரம்பு செல்லை அடக்கும் இணைப்பு) ஒன்று கிடைத்ததும் "காபா-ஏ ரிசெப்டர்" (காபா என்ற வேதிப்பொருளை ஏற்கும் புரதம்) என்று எழுதி நோட்டை மூடிவிடுகிறார்கள் பலர். அந்தப் பெயருக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. ஐந்து சப்யூனிட் (ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா போன்ற புரதத் துண்டுகள்) கூடினால்தான் ஒரு ரிசெப்டர், மனிதரில் அவற்றுக்கு 19 ஜீன்கள், மூளையில் அதிகம் தட்டுப்படுவது ஆல்ஃபா1 இரண்டு, பீட்டா2 இரண்டு, காமா2 ஒன்று என்ற கூட்டணி. எந்த ஆல்ஃபா என்பதைப் பொறுத்து மின்னோட்டம் அடங்கும் வேகமும் மாறும், எந்த மருந்துக்கு மசியும் என்பதும் மாறும். ஆகவே ஆல்ஃபாவைத் தேடுங்கள்.

முதலில் இடம். பிரமிடு செல்லில் ஆக்சான் (சிக்னலை வெளியே அனுப்பும் இழை) தொடங்குமிடத்தில் ஆல்ஃபா2 அதிகம். டெல்டா உள்ளவை பெரும்பாலும் சினாப்ஸுக்கு வெளியே. தண்டுவடம், மூளைத்தண்டு என்றால் கிளைசின் (காபா போலவே அடக்கும் இன்னொரு வேதிப்பொருள்) ரிசெப்டரை மறந்துவிடாதீர்கள், ஒரே முனையிலிருந்து காபாவும் கிளைசினும் சேர்ந்து வருவது அங்கே சகஜம்.

அப்புறம் பேட்ச் கிளாம்ப், அதாவது கண்ணாடி பிப்பெட்டை செல்லில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் முறை. தூண்டும் வகையான குளுட்டமேட் ரிசெப்டர்களை அடைத்து, டிடிஎக்ஸ் (சோடியம் சானலை அடைக்கும் நஞ்சு) போட்டு, பிப்பெட்டில் சீசியம் குளோரைடு நிரப்பி, மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் செல்லை நிறுத்தினால் தடுப்பு மின்னோட்டங்கள் உள்நோக்கிப் பெரிதாகத் தெரியும். (காபாவின் இன்னொரு ரிசெப்டரான காபா-பி இதில் மாட்டாது, அது திறக்கும் பொட்டாசியம் சானலை சீசியம் அடைத்துவிடும்.) காபா-ஏவை அடைக்கும் காபசைன் ஊற்றிப் பாருங்கள். மிச்சம் நிற்பது 0.5 மைக்ரோமோலார் ஸ்ட்ரிக்னைனில் (கிளைசின் ரிசெப்டரை அடைப்பது) அணைந்தால் கிளைசின். ஸ்ட்ரிக்னைனைத் தாராளமாக ஊற்றாதீர்கள், அளவு கூடினால் காபா-ஏவையும் தொட்டுவிடும். கலப்பு சினாப்ஸில் ஒரே நிகழ்வு வேகமாக இறங்கி, பிறகு நீண்ட வாலாக இழுக்கும். தண்டுவடத்தில் வேகமான பகுதி பெரும்பாலும் கிளைசினுடையது, வால் காபாவுடையது.

ஆல்ஃபா1 தானா என்று பார்க்க, அதன் மேல் அதிகம் வேலை செய்யும் தூக்க மருந்தான சோல்பிடெம் 100 நானோமோலார் போதும், அடங்கும் நேரம் நீண்டால் சாத்தியம் அதிகம். ஆல்ஃபா2, ஆல்ஃபா3 இரண்டுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். பதற்ற மருந்தான டயசெபாமுக்கே அசையவில்லை என்றால் ஆல்ஃபா4 அல்லது ஆல்ஃபா6 பக்கம் சந்தேகப்படுங்கள். மெதுவாக அடங்குகிறது என்பதை மட்டும் வைத்து ஆல்ஃபா2 என்று முடிவு கட்டாதீர்கள்: தூரத்து டென்ட்ரைட்டிலிருந்து (சிக்னலை வாங்கும் கிளை) வரும் மின்னோட்டம் வழியிலேயே மழுங்கிவிடும், எனவே ஏறும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் மெதுவென்றால் குற்றவாளி தூரமாக இருக்கலாம்.

ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டுவது) கடைசியில். சினாப்ஸின் இருபுறமும் தெரிய வேண்டும், முன்பக்கத்துக்கு விஜிஏடி (காபாவையும் கிளைசினையும் பைகளில் நிரப்பும் புரதம்), பின்பக்கத்துக்கு கெஃபிரின் (ரிசெப்டரைப் பிடித்து வைக்கும் புரதம்), அதன் மேல்தான் உங்கள் ஆல்ஃபா. கெஃபிரின் மட்டும் வைத்து காபாவா கிளைசினா என்று பிரிக்க முடியாது, இரண்டையும் அது தாங்கும். ஃபார்மால்டிஹைடில் அதிக நேரம் விட்டால் சினாப்ஸுக்குள் இருக்கும் புரதத்தை ஆன்டிபாடி எட்டவே எட்டாது, இல்லை என்று தப்பாகப் படிப்பீர்கள். சிறுமூளைத் துண்டு ஒன்றைக் கூடவே ஓட்டுங்கள்: பர்கிஞ்சி செல்லில் ஆல்ஃபா1 பளிச்சென்று தெரியாவிட்டால் சிக்கல் உங்கள் செய்முறையில்தான்.