வீட்டுப் பொருள்களை வைத்தே வேதியியல் படிப்பது எப்படி?

வேதியியல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் தனிம வரிசை அட்டவணையில் தொடங்கி, இருபதாவது தனிமம் வருவதற்குள் விட்டுவிடுகிறார்கள். விஞ்ஞானிகளைப் பற்றிப் படிப்பதும் அப்படித்தான் முடிகிறது. பெயர், பிறந்த ஆண்டு, கண்டுபிடிப்பு, பரிசு என்று மனப்பாடம் செய்வது பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். நான் சொல்ல வருவது இதற்குத் தலைகீழான வழி. கையில் இருக்கிற பொருளில் தொடங்குங்கள், அது என்ன செய்கிறது என்று கண்ணால் பாருங்கள், ஏன் என்று கேளுங்கள், அதே கேள்வியை உங்களுக்கு முன்னால் யார் கேட்டார் என்று கடைசியாகத் தேடுங்கள்.

முதலில் மஞ்சள். சாம்பார் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறுவதையும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாவதையும் எல்லோரும் பார்த்திருப்போம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதுவும் இதே வினைதான். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் என்ற நிறப்பொருள், காரம் (மிளகாயின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான, சோப்பு, சுண்ணாம்பு போன்ற பொருள்) பட்டால் நிறம் மாறும். வெள்ளைத் தாளை மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்துப் பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். துணி சோப்பு, சுண்ணாம்புத் தண்ணீர், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். (பாத்திரம் தேய்க்கும் லிக்விட் பல நேரம் நடுநிலையாக இருப்பதால் அதில் ஒன்றும் ஆகாமல் போகலாம். பயப்பட வேண்டாம், அதுவும் ஒரு விடைதான்.) சோப்பும் சுண்ணாம்பும் சிவக்கும். புளி, எலுமிச்சை, உப்பு மூன்றும் மஞ்சளாகவே நிற்கும். ஆக, மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், அமிலத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் அதனால் வித்தியாசம் சொல்ல முடியாது.

அதற்கு வேலியோரம் பூக்கிற நீலச் சங்குப்பூ இருக்கிறது. நாலைந்து பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும், சுண்ணாம்புத் தெளிவு விட்டால் பச்சையாகும். இதைப் பார்த்த பிறகு ராபர்ட் பாயிலைப் படியுங்கள். வாயுக்களின் அழுத்தம் பற்றிய விதிக்காக நாம் பள்ளியில் படித்த அதே பாயில்தான். வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுகிறது என்று 1664இல் எழுதினார். எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை இன்னும் துல்லியமாக எண்ணிலேயே சொல்ல வேண்டும் என்ற தேவை 1909இல் கோபன்ஹேகனில் வந்தது. அங்கே கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்ததுதான் இன்று தண்ணீர் பாட்டில் லேபிளில் நாம் பார்க்கும் பி.ஹெச். அந்த எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்து சுண்ணாம்பு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கொஞ்சம் எடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, இறுக மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும் நீரை மெதுவாக ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ரா வைத்து மூச்சை ஊதுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் போல வெளுக்கும். உங்கள் மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு, கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருங்கள், இப்போது வெளுப்பு குறையத் தொடங்கும். அதிகப்படி கார்பன் டை ஆக்சைடு அதையே கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றுகிறது. இந்த நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி வெள்ளைப் படிவு திரும்ப வரும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிற வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் இதுதான். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும்.

ஊதுங்கள், உறிஞ்ச வேண்டாம். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு புண்ணாக்கிவிடும், பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

இப்போது ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரைப் படித்தால் கதை நெஞ்சில் நிற்கும். சிறுநீர்க் கல்லுக்கு அந்தக் காலத்தில் சுண்ணாம்பு நீரைக் கொடுத்தார்கள். அதைவிட மென்மையான மருந்தைத் தேடிய பிளாக், வெள்ளை மக்னீசியாவை (மக்னீசியம் கார்பனேட்டை) சூடாக்கி, முன்னும் பின்னும் எடை பார்த்தார். எடை குறைந்திருந்தது. போன எடை ஒரு வாயு என்று நிறுவினார், 1754இல் எடின்பரோவில் கொடுத்த ஆய்வேட்டின் கரு அதுதான். அதே வாயு நம் மூச்சிலும் இருப்பதைச் சுண்ணாம்பு நீரை வைத்தே காட்டினார். தராசைத் தவிர பெரிய கருவி எதுவும் அவர் கையில் இல்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் ஒரு விஞ்ஞானி உண்டு, பாடப்புத்தகத்தில் அவரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வையுங்கள். தூள் ஓரத்துக்கு ஓடும். சோப்பு பட்ட இடத்தில் நீரின் மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை குறைந்ததால், சுற்றியிருக்கும் நீர்ப்பரப்பு தூளை வெளிப்பக்கம் இழுத்துவிடுகிறது. அதே தண்ணீரில் மறுபடி தூவிச் செய்து பாருங்கள், ஓடாது. தட்டைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினால்தான் மறுபடி நடக்கும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பரப்பை மூடியிருக்கிறது. நீர்ப்பரப்பில் படியும் இப்படிப்பட்ட மெல்லிய படலங்களைத்தான் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் போக்கல்ஸ் தன் வீட்டிலேயே அளந்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகம் போக வழியில்லை. பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, இயற்பியல் படித்த தம்பி கொடுத்த புத்தகங்களைப் படித்து, ஒரு தகரத் தொட்டி, குறுக்கே நகர்த்தும் தகரப் பட்டை, தராசில் தொங்கவிட்ட ஒரு பொத்தான் இவற்றை வைத்துப் பல வருடம் அளந்து, 1891இல் இங்கிலாந்தில் இருந்த இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ராலே அதை நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பினார், அதே ஆண்டு அச்சானது. அந்த வழியிலேயே மேலே போன அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூருக்கு 1932இல் நோபல் கிடைத்தது. போக்கல்ஸ் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்யும்போதாவது அவரைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாக் கதையும் இப்படி மனசுக்கு இதமாக இருக்காது. வயலுக்குப் போடும் யூரியா மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 46 சதவீதம் நைட்ரஜன், காற்றிலிருந்து எடுத்தது. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியைக் கண்டு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபிரிட்ஸ் ஹேபர்தான், முதல் உலகப்போரில், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவை ஆயுதமாகத் திறந்துவிட்ட வேலையை முன்னின்று நடத்தியவர். இரண்டையும் சேர்த்தே படியுங்கள், ஒன்றை மட்டும் சொல்கிற வாழ்க்கை வரலாற்றை நம்பாதீர்கள். அந்தக் குளோரின் நம் வீட்டிலும் கிளம்பக்கூடும். ப்ளீச்சிங் பவுடரையும் அமிலம் உள்ள டாய்லெட் கிளீனரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். சோதனைக்காகக்கூட வேண்டாம்.

எங்கே படிப்பது? தமிழ்வழி ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களும் பதினொன்று, பன்னிரண்டு வேதியியல் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சோதனையைச் செய்துவிட்டுத் தொடர்பான பாடத்தை மட்டும் எடுத்துப் படித்தால் போதும், வரிசையாகப் படிக்க அவசியமில்லை. பிள்ளைகளுக்குத் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் நல்ல துணை. ஆட்களைப் பற்றிப் படிக்கும்போது அவருக்கு இருந்த கேள்வி என்ன, எதை வைத்து அளந்தார், எதில் தவறினார், கூட வேலை செய்தவர் யார் என்று நாலு விஷயத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த தேதியை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் செய்து முடித்தால், மருந்துக்கடையில் விற்கும் போவிடோன் அயோடின் கரைசலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்த்து, ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு விடுங்கள், மாவுச்சத்து அயோடினோடு சேர்ந்து கருநீலமாகும். உருளைக்கிழங்குத் துண்டில், வெள்ளரியில், காய்ச்சி ஆறவைத்த பாலில் விட்டுப் பாருங்கள். பால் நீலமானால் அதில் மாவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். பார்த்த பிறகு அதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம், 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி கிளம்புவதைப் பார்த்து அயோடினைக் கண்டுபிடித்த பெர்னார்ட் கூர்த்துவாவைத் தேடிப் படியுங்கள்.